ரெண்டர் ஓடும்போது பாஸ்போர்ட் போட்டோ: பிரியாரிட்டியா, அஃபினிட்டியா?

பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் ஒன்றுதான். முகூர்த்த மாதங்களில் அதில் எந்நேரமும் ஒரு கல்யாண வீடியோ ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் கனமான வேலை) ஆகிக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து, "அண்ணாச்சி, எட்டு பாஸ்போர்ட் சைஸ். பஸ் போயிரும், சீக்கிரம்" என்பார். போட்டோஷாப்பில் மவுஸை இழுத்தால் கோடு ஆடி அசைந்து பின்னால் வரும்.

இதற்கு இரண்டு வழி. ரெண்டரின் பிரியாரிட்டியை, அதாவது முன்னுரிமையை, 'பிலோ நார்மல்' (வழக்கத்துக்கு ஒரு படி கீழே) ஆக்குவது ஒன்று. சிப்பில் தனித்தனியாக வேலை பார்க்கும் கோர்களில், இன்னின்னவற்றில் மட்டும் ஓடு என்று அஃபினிட்டி போட்டுக் கட்டிவைப்பது இன்னொன்று. இரண்டுமே விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் ரைட் கிளிக் வேலைதான். மூன்று வருடம் அஃபினிட்டி கட்சியில் இருந்தேன். இப்போது பிரியாரிட்டி பக்கம் வந்துவிட்டேன்.

போட்டோஷாப்பை 'ஹை' ஆக்கினால் போதாதா என்றால், போதும். ஆனால் எந்தப் புரோகிராமை உயர்த்த வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் யோசிக்க வேண்டும். கனமான வேலை ஒன்றைக் கீழே இறக்குவது சுலபம். 'ரியல்டைம்' பக்கம் மட்டும் போகாதீர்கள், மவுஸே நின்றுவிடலாம்.

அஃபினிட்டிக்கு ஒரு நியாயம் உண்டு, அது ஹைப்பர்திரெடிங். அதாவது ஒரே கோர் இரண்டு திரெடாக நின்று இரண்டு வேலையைப் பார்ப்பது. ஒரு பரோட்டா கல்லில் இரண்டு மாஸ்டர் நிற்பது மாதிரி. ஒருவர் மாவு வீசும்போது மற்றவர் கல்லைப் பயன்படுத்துவார்; இருவரும் ஒரே நேரத்தில் பரோட்டா போட வந்தால் இடிபடும். டாஸ்க் மேனேஜரில் எட்டுக் கட்டம் தெரிந்தாலும் என் பழைய ஐ7 4770-இல் கல் நாலுதான். பிரியாரிட்டி என்பது காத்திருக்கும் வரிசையில் யார் முன்னால் என்று மட்டும் பார்க்கும். கல்லுக்குள் போனபின் நடக்கும் இடிபாடு அதற்குத் தெரியாது. ஒரு முழுக் கோரை, அதாவது அதன் இரண்டு திரெடையும், ரெண்டருக்குக் கொடுக்காமல் ஒதுக்கினால் போட்டோஷாப் நிஜமாகவே துள்ளும். இதில் அஃபினிட்டிதான் மேல், மறுக்க மாட்டேன்.

என்னைக் கட்சி மாற வைத்தது பராமரிப்பு. டாஸ்க் மேனேஜரில் போடும் இரண்டு மாற்றமும் புரோகிராமை மூடியதும் போய்விடும். அதனால் 'ஸ்டார்ட்' கட்டளை எழுதிய ஒரு பேட்ச் கோப்பு (கிளிக் செய்தால் உள்ளே எழுதிய கட்டளை ஓடும்) வழியாகத்தான் எடிட்டிங் மென்பொருளைத் திறப்பேன். அதில் அஃபினிட்டியைப் பதினறும எண்ணாகக் கொடுக்க வேண்டும். வலப்பக்கத்திலிருந்து திரெடுக்கு ஒரு இலக்கம்; ஓடலாம் என்றால் 1, கூடாது என்றால் 0. எட்டுத் திரெடில் முதல் இரண்டை விட்டுவிட 11111100, அதைப் பதினறுமத்தில் எழுதினால் எஃப்சி. எழுதினேன், மறந்தேன்.

பிறகு ஐ5 12400 வாங்கினேன். ஆறு கோர், பன்னிரண்டு திரெட். பழைய கோப்பை அப்படியே காப்பி செய்தேன். பழையதைவிட வேகம்தான், ஆனால் கொடுத்த காசுக்கு உண்டான வேகம் இல்லை. விற்றவரிடம் போய் இரண்டு தடவை சண்டை போட்டேன். ஒரு நாள் ராத்திரி டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் ஆறு கட்டம் கொதிக்கிறது, ஆறு கட்டம் சும்மா கிடக்கிறது. எஃப்சி! அதில் எட்டுத் திரெடுக்குத்தான் கணக்கு இருக்கிறது, மீதி நாலுக்கு 0 என்றே பொருள். புது மெஷினில் அது மூன்று கோர்களை மட்டும் கொடுத்து மீதி மூன்றைப் பூட்டிவிட்டது. எஃப்எஃப்சி என்று மாற்றியிருக்க வேண்டும். சண்டை போட்ட இடத்துக்கு மறுபடி போகக் கூச்சமாக இருந்தது.

பிலோ நார்மலில் இந்தக் கணக்கே கிடையாது. நாலு கோரோ பதினாறோ, அதே ஒரு சொல். கடையில் ஆள் இல்லாத ராத்திரியில் ரெண்டர் மொத்தக் கோரையும் எடுத்துக்கொள்ளும். அஃபினிட்டி அப்போதும் ஒதுக்கிய கோரைச் சும்மாதான் போட்டிருக்கும். மென்பொருள் கிளப்பும் துணைப் புரோகிராம்களுக்கும் பிலோ நார்மல் தானாகப் போய்ச் சேரும், 'ஹை' அப்படிப் போகாது. போட்டோஷாப் துள்ளவில்லை, சரி. பாஸ்போர்ட் போட்டோவுக்கு இது தாராளம்.

வீடியோவும் போட்டோஷாப்பின் ஸ்கிராட்ச் இடமும் (அது தற்காலிகமாக எழுதி வைக்கும் இடம்) ஒரே பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் இரண்டு வழியும் உதவாது, முதலில் எஸ்எஸ்டி வாங்குங்கள். பெரிய கோர், சின்னக் கோர் என்று கலந்து வரும் சிப்களில் நான் ரெண்டர் போட்டுப் பார்த்ததில்லை. நான் சொன்னதெல்லாம் எல்லாக் கோரும் ஒரே மாதிரி இருக்கும் மெஷினுக்குத்தான்.