சர்க்கரை நோய்ச் சான்றிதழ்ப் பயிற்சி: ஒரு பொது மருத்துவரின் மதிப்பீடு

விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாகத் தனியாகக் கிளினிக் நடத்திவரும் எம்.பி.பி.எஸ். மருத்துவன் நான். மதுரையில் ஒரு தனியார் நிறுவனம் பொது மருத்துவர்களுக்கென நடத்தும் ஓராண்டு சர்க்கரை நோய்ச் சான்றிதழ்ப் பயிற்சியை அண்மையில் முடித்தேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை முதல் மாலை நான்கரை வரை நேரடி வகுப்பு, இரு வாரத்துக்கு ஒருமுறை இரவில் இணையவழிக் கலந்தாய்வு, ஆண்டு முடிவில் எழுத்துத் தேர்வு என்பது அதன் அமைப்பு. கட்டணம் 22,000 ரூபாய். மதிய உணவும் அச்சிட்ட பாடநூலும் அதில் அடங்கும். நான் சொல்லப்போகும் நிறைகளும் குறைகளும் இதுபோன்ற பல பயிற்சிகளுக்குப் பொருந்துபவை என்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

சான்றிதழுக்காக மட்டும் சேர நினைப்பவர்களுக்கு இது தேவையற்ற செலவு. ஐந்தாண்டுகளில் 30 மணி நேரத் தொடர் மருத்துவக் கல்வி பெற வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிகளே கூறுகின்றன. அந்த மணிக்கணக்கை நட்சத்திர விடுதியில் மாலை நேரக் கூட்டங்களுக்குச் சென்று, வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, சாப்பிட்டுவிட்டுத் திரும்பியே நிறைத்துக்கொள்ள முடியும் என்பது நம் துறையில் அனைவரும் அறிந்ததுதான். நானும் அப்படி நிறைத்தவன்தான். ஆனால் என் மேசைக்கு முன் வந்து அமர்பவர்களில் சர்க்கரை நோயாளிகள் ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகிறார்கள். நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் தெரிவித்தது. 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கிய பிறகு, வீட்டுக்கே வரும் மாத்திரைகளை ஒரு பையில் போட்டு எடுத்துவந்து, இவற்றைத் தொடரலாமா என்று கேட்பவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கல்லூரியில் நான் படித்த காலத்துப் பாடம் அவர்களுக்குப் போதவில்லை என்பதை உணர்ந்தே சேர்ந்தேன். ஆகவே ஞாயிற்றுக்கிழமை கற்றது திங்கட்கிழமை என் ஓ.பி.யில் பயன்பட்டதா என்ற ஒரே அளவுகோலைத்தான் இங்கே கைக்கொள்கிறேன்.

அந்த அளவுகோலில் முதலிடம் பெறுவது கால் பரிசோதனை வகுப்பு. பாதத்தில் தொடு உணர்வு குறைந்திருக்கிறதா என்று பார்க்க உதவும், பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பற்றி நான் படித்திருந்தேனே தவிர, கையில் பிடித்ததில்லை. அன்று உண்மையான நோயாளிகளையே அழைத்து வந்திருந்தார்கள். பெருவிரலிலும் முன்பாதத்திலும் இழை வளையும் வரை அழுத்தி எடுப்பது, காய்ப்பு ஏறிய இடத்தைத் தவிர்ப்பது, நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி அவ்வப்போது தொடாமலேயே ‘இப்போது தெரிகிறதா’ என்று கேட்டு அவர் ஊகித்துச் சொல்கிறாரா எனச் சோதிப்பது, அடுத்தடுத்துப் பல நோயாளிகளிடம் பயன்படுத்திய இழை தளர்ந்துவிடும் என்பதால் அதற்கும் ஓய்வு கொடுப்பது என ஒவ்வொன்றையும் செய்து பார்க்க வைத்தார்கள். அதிர்வு உணர்வைச் சோதிக்கும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை என் மேசை இழுவறையில் பல்லாண்டுகளாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் வேலை வந்தது. செருப்பைக் கழற்றச் சொல்லாமல் எத்தனை நோயாளிகளை அனுப்பியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்க விரும்பவில்லை.

இன்சுலின் வகுப்பு அதற்கு நிகரானது. புதிய இன்சுலின்களைப் பட்டியலிட்டு நேரம் கழிப்பார்கள் என்று எதிர்பார்த்துச் சென்றேன். மாறாக, ஒரு செவிலியர் இரண்டு சிரிஞ்சுகளை மேசைமேல் வைத்து வகுப்பைத் தொடங்கினார்: ஒன்றுக்குச் சிவப்பு மூடி, மற்றொன்றுக்கு ஆரஞ்சு மூடி. நம் நாட்டில் பெரும்பாலான இன்சுலின் குப்பிகளில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் குழல்களில் 100 யூனிட். நாற்பதுக்கு உரியது சிவப்பு மூடிச் சிரிஞ்சு, நூறுக்கு உரியது ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சு. நாற்பது யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை எடுத்தால் உடலுக்குள் போவது 8 யூனிட்தான். நூறு யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் அதே கோடு வரை எடுத்தாலோ 50 யூனிட் போய்விடும். இந்தக் கணக்கை அவர் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது அரங்கில் சற்று நேரம் பேச்சே இல்லை. மறுநாளே என்னிடம் இன்சுலின் போடும் அனைவரையும் சிரிஞ்சுடன் வரச் சொன்னேன். ஒரே இடத்தில் ஊசி போட்டுப் போட்டுத் தோலடியில் கொழுப்புக் கட்டியானவர்களைத் தடவிக் கண்டறியும் முறையும், ஃப்ரிட்ஜ் இல்லாத வீடுகளில் மண்பானையில் இன்சுலினைக் காக்கும் முறையும் அந்த வகுப்பிலேயே கிடைத்தன. ஆண்டு முழுவதும் பாடமெடுத்த பேராசிரியர்கள் எவரும் அந்தச் செவிலியர் அளவுக்கு எனக்குக் கற்பிக்கவில்லை என்பதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

இணையவழிக் கலந்தாய்வுகள்தாம் பயிற்சியின் உயிர். நியூ மெக்சிகோவில் மருத்துவர் சஞ்சீவ் அரோரா 2003இல் தொடங்கிய ‘எக்கோ’ முறையின் வழி இவை நடக்கின்றன: ஊர்ப்புற மருத்துவர் தம் நோயாளியின் குறிப்பை முன்வைப்பார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள், நிபுணர் கடைசியாகப் பேசுவார். இம்முறையில் வழிகாட்டப்பட்ட முதனிலை மருத்துவர்களின் ஹெபடைடிஸ் சி சிகிச்சை, பல்கலைக்கழக மருத்துவமனையின் சிகிச்சைக்கு இணையான பலன் தந்ததை 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. பெங்களூரு நிம்ஹான்ஸும் மனநலப் பயிற்சிக்கு இதைப் பயன்படுத்துகிறது. நான் முன்வைத்தது கூலி வேலைக்குச் செல்லும் ஒரு பெண்மணியின் குறிப்பு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.1, ஆனால் வெறும்வயிற்றுச் சர்க்கரையும் சாப்பிட்ட பின் சர்க்கரையும் அந்த அளவுக்கு உயரவில்லை. இன்சுலின் தொடங்கலாமா என்பது என் கேள்வி. நிபுணர் வாய் திறக்கும் முன்பே, தேனிப் பக்கத்து மருத்துவர் ஒருவர் ‘ஹீமோகுளோபின் எவ்வளவு?’ என்றார். நான் பார்த்திருக்கவில்லை. பார்த்தபோது 7.8 இருந்தது. இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகை எச்பிஏ1சியை உள்ளதைவிட உயர்த்திக் காட்டும்; சிவப்பணுக்கள் விரைவில் அழியும் நோய்களிலும் இரத்தம் ஏற்றிய பின்பும் அது குறைத்துக் காட்டும். 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினர் சோகையுடன் இருக்கும் நாட்டில் இது ஓரப் பாடமாக இருக்கக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தோம். சர்க்கரை மருந்தை மாற்றாமலே நான்கு மாதங்களில் அந்த எண் இறங்கியது.

கர்ப்பகாலச் சர்க்கரை பற்றிய வகுப்பு சுருக்கமானது, ஆனால் நேர்த்தியானது. சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் எனக் கொள்ளும் எளிய முறையைச் சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவும் அவருடைய குழுவினரும் முன்வைத்து நாடெங்கும் பரவச் செய்தார்கள். வெறும்வயிற்றுடன் பேருந்தில் வர இயலாத கர்ப்பிணிகளுக்காக நம் மண்ணில் உருவான முறை அது. பாடநூலில் அதற்கு இரண்டு பக்கங்களே ஒதுக்கியிருப்பது எனக்கு வருத்தம்.

இனி குறைகள். பன்னிரண்டு வகுப்புகளில் நான்கு வீண் என்பேன். சிறுநீரக வகுப்பில், சர்க்கரை நோய்க்குப் பரவலாகக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையை எப்போது குறைப்பது, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 30க்குக் கீழ் போனால் ஏன் நிறுத்துவது, காய்ச்சலிலும் சிறுநீர்த் தொற்றிலும் எடுத்த, சிறுநீரில் கசியும் அல்புமின் என்ற புரதத்தின் அளவை ஏன் நம்பக் கூடாது என்பவற்றைச் சொல்லியிருக்கலாம். கிடைத்ததோ நுண்ணோக்கிப் படங்களும் வெளிநாட்டு வழிகாட்டிகளின் அட்டவணைகளும். 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்த, சர்க்கரையையும் உடல் எடையையும் குறைக்கும் டிர்செபடைடு ஊசிக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினார்கள். என் நோயாளிகளில் அதை வாங்கக்கூடியவர்களை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். 2020இல் காப்புரிமை முடிந்து விலை சரிந்த, சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் மாத்திரையை யாருக்குக் கொடுப்பது, பிறப்புறுப்புப் பூஞ்சைத் தொற்றைப் பற்றி நோயாளியிடம் எப்படிக் கூச்சமின்றிப் பேசுவது, அறுவை சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பே அதை ஏன் நிறுத்துவது என்பவை இருபது நிமிடங்களில் கடந்து போயின.

இந்த ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் தேட நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. உணவுக் கூடத்தின் வாசலில் மருந்து நிறுவனங்களின் மேசைகள் இருந்தன. நிறுவனங்களின் ஆதரவில் நடக்கும் கருத்தரங்குகளில் மருத்துவர்கள் கலந்துகொள்ளக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் வெளியிட்ட விதிகள் கூறின; அதே மாதத்திலேயே அவ்விதிகள் நிறுத்திவைக்கப்பட்டன. சட்டம் எப்படியிருந்தாலும், மாணவர்களிடம் கட்டணம் வாங்கிய பிறகும் அந்த மேசைகளுக்கு இடம் கொடுப்பது எனக்கு உவப்பாக இல்லை. கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்தேன், பதில் வரவில்லை.

தேர்வும் ஏமாற்றமே. ஐம்பது கொள்குறி வினாக்களில் பெரும்பாலானவை மருந்துப் பெயர்களையும் ஆய்வுகளின் சுருக்கப் பெயர்களையும் நினைவு வைத்திருக்கிறோமா என்று பார்ப்பவை. இழையை எங்கே வைப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அப்படியிருந்தும், தனியாகக் கிளினிக் நடத்துபவர்களும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றும் இளம் மருத்துவர்களும் சேரலாம் என்றே சொல்வேன். பெரிய மருத்துவமனையில் நிபுணரின் அருகில் இருப்பவர்களுக்கு இது வேண்டியதில்லை. சேர்பவர்கள் முதல் மாதத்திலேயே தங்கள் நோயாளிகளில் குழப்பம் தந்த மூவரின் குறிப்புகளைப் பெயர் நீக்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கலந்தாய்வில் முன்வைக்கும் வாய்ப்பு முந்திக் கேட்பவர்களுக்கே கிடைக்கிறது. என் குழுவில் நாற்பது பேரில் பாதிப் பேருக்கு அந்த முறை வரவே இல்லை. அனுப்பும் குறிப்பில் ஹீமோகுளோபின் அளவையும் சேர்த்து எழுதுங்கள்.