அத்தானின் புள்ளியும் என் பில்லும்

ரொறன்ரோவில் இருந்து அக்கா குடும்பமும் யாழ்ப்பாணத்தில் இருந்து நாங்களும் சிங்கப்பூரில் சந்தித்து நான்கு இரவு தங்கினோம். ஒரே ஹொட்டல், பக்கத்துப் பக்கத்து அறை, ஒரே விலை: இரவுக்கு 180 சிங்கப்பூர் டொலர். அத்தான் கனடாக் கடனட்டையில் கட்டினார், நான் உள்ளூர் வங்கியின் அட்டையில் கட்டினேன். புறப்படும் நாள் காலையில் பில்லைப் பார்த்துவிட்டு அத்தான்தான் முதலில் வாய் திறந்தார். "இதென்ன மச்சான், 720 எண்டுதானே பார்த்தனாங்கள், 863 போட்டிருக்கிறாங்கள்?"

ஏமாற்று ஒன்றும் இல்லை. விலைக்குப் பக்கத்தில் சின்னதாக இரண்டு கூட்டல் குறி, ++ என்று போட்டிருந்தது. முதல் கூட்டல் 10 சதவீத சேவைக் கட்டணம். இரண்டாவது, அந்தச் சேவைக் கட்டணத்தையும் சேர்த்து அதன் மேல் போடும் 9 சதவீத ஜீஎஸ்ரி, அதாவது பொருட்கள் சேவை வரி. 180 டொலர் 198 ஆகி, பிறகு 215.82 ஆகிறது. நான்கு இரவுக்கு 863.28. சிங்கப்பூரில் கடைகள் வரியையும் சேர்த்துத்தான் விலை எழுத வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் சேவைக் கட்டணம் வாங்கும் ஹொட்டலுக்கும் உணவகத்துக்கும் அதிலிருந்து விலக்கு உண்டு. அதனால்தான் அங்கே தண்ணீர்ப் போத்தல் வாங்கும்போது வராத அதிர்ச்சி அறை வாடகையில் வருகிறது.

சரி, இருவருக்கும் பில் ஒன்றுதான். அட்டைகள் என்ன செய்தன?

அத்தானின் அட்டைக்கு ஆண்டுக் கட்டணமே நூறு டொலருக்கு மேல். அதற்குப் பதிலாக எயார் கனடாவின் ஏரோபிளான் புள்ளிகள் சேருகின்றன. அட்டை எடுத்த புதிதில் கிடைத்த வரவேற்புப் புள்ளிகளில்தான் ஒருமுறை குடும்பத்தில் ஒருவருக்கு டிக்கெட் எடுத்தார். அந்தக் கதையை நாங்கள் இதுவரை ஐந்து தடவை கேட்டிருக்கிறோம். கனடா அட்டைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டு நாணயத்தில் கட்டினால் 2.5 சதவீதம் பிடிக்கும். அவருடையதும் அப்படித்தான். 863 டொலருக்கு 21 டொலரும் சில்லறையும் போயிற்று. வந்த புள்ளிகளின் பெறுமதியை எவ்வளவு தாராளமாகக் கணக்குப் போட்டாலும் 17 டொலரைத் தாண்டவில்லை.

என் பக்கம் இதைவிடப் பரிதாபம். வங்கியின் நாணய மாற்றுக் கட்டணமும் அரசாங்கத்தின் முத்திரை வரியும் சேர்ந்து என் வங்கிக்கூற்றில் கிட்டத்தட்ட 5 சதவீதம் கூடியிருந்தது. அது 43 டொலர். கிடைத்த புள்ளிகளைக் கடை வவுச்சராக மாற்றினால் நூறு ரூபா செலவுக்கு 50 சதம் தேறும். அதாவது 4 டொலர். நாற்பத்து மூன்றைக் கொடுத்து நான்கை வாங்கிய வியாபாரம். எங்கள் ஊரில் வட்டிக்குக் கொடுப்பவர்கள்கூட இவ்வளவு துணிந்து கேட்க மாட்டார்கள்.

இதற்கிடையில் நானே போய் விழுந்த குழி ஒன்றும் உண்டு. முதல் இரவுக் காசை வந்திறங்கியதும் கட்டச் சொன்னார்கள். வரவேற்பு மேசைப் பெண் மெஷினைத் திருப்பிக் காட்டினார்: இலங்கை ரூபாவா, சிங்கப்பூர் டொலரா? ரூபா என்றால் எவ்வளவு போகிறது என்று கண்ணுக்குத் தெரியுமே என்று ரூபாவை அமத்தினேன். மிச்ச மூன்று இரவை டொலரில் கட்டியதால், வீட்டுக்கு வந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. வங்கியின் கட்டணங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், ரூபாவில் கட்டிய இரவுக்கு ஒரு டொலர் 4 சதவீதம் கூடுதலாக விழுந்திருந்தது. மெஷின் போடும் நாணய மாற்று விலை என் வங்கியின் விலை அல்ல. அதை மெஷின்காரர்தான் தீர்மானிக்கிறார், இலாபத்தில் கடைக்காரருக்கும் பங்கு. எந்த நாட்டில் கேட்டாலும் அந்த நாட்டு நாணயத்தையே அமத்துங்கள். அத்தானும் இந்த விஷயத்தில் என் கட்சி. அவரிடம் கனடா டொலரா என்று கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினார், கதைக்கக்கூட இல்லை.

இன்னொரு வித்தியாசம், கடனட்டைக்கும் டெபிட் அட்டைக்கும் இடையில். சேதம் ஏதும் வந்தால் கழிக்க என்று இரவுக்கு 100 டொலர் வைப்புக் கேட்டார்கள். அதற்கு நான் டெபிட் அட்டையைக் கொடுத்தேன். 400 டொலருக்கான காசு என் கணக்கில் இருந்து அப்படியே மறைந்தது. திரும்பி வர 18 நாள். அத்தான் கடனட்டையைக் கொடுத்தபடியால் அவருக்கு அட்டையின் கடன் எல்லை மட்டும் கொஞ்ச நாள் குறைந்திருந்தது, கையில் இருந்த காசு கையிலேயே இருந்தது. புள்ளிக்காகக் கடனட்டை வைத்திருப்பதைவிட இந்த வைப்புக்காக ஒன்று வைத்திருப்பது எனக்கு நியாயமாகப் படுகிறது. மாதக் கடைசியில் முழுவதையும் கட்டிவிட வேண்டும், அதுதான் விஷயம். எங்கள் அட்டைகளின் வட்டி வருடத்துக்கு 20 சதவீதத்துக்கு மேல், அதற்கு முன்னால் எந்தப் புள்ளியும் நிற்காது.

வெளிநாட்டை விடுங்கள், உள்நாட்டுக்கு வருவோம். நமது வங்கிகள் புள்ளியைவிடப் பெரிதாக விளம்பரம் செய்வது ஹொட்டல் விலைக்கழிவை. 20 சதவீதம், 30 சதவீதம் என்று குறுஞ்செய்தி வராத வாரம் இல்லை. கொழும்பில் ஒரு கல்யாணத்துக்காக இதைச் சோதித்துப் பார்த்தேன். ஒரு ஹொட்டலின் பட்டியல் விலை 40,000 ++. என் அட்டைக்கு 30 சதவீதக் கழிவு, ஆக 28,000. ஆகா என்றிருந்தது. பிறகு 10 சதவீத சேவைக் கட்டணம், அதற்கு மேல் 18 சதவீத வற் வரி, இடையில் சமூகப் பாதுகாப்பு வரியும் உல்லாசப் பயண வரியும் என்று ஏறி 37,000 ஐத் தாண்டியது. அதே ஹொட்டலுக்கு வெறும் போன் எடுத்து, "இலங்கை ஆக்களுக்கு எல்லாம் சேர்த்து நெட் எவ்வளவு?" என்று கேட்டேன். 30,000 என்றார்கள். அட்டையே தேவைப்படவில்லை.

பட்டியல் விலையில் யாரும் அறை எடுப்பதில்லை. ஆனால் கழிவு அதிலிருந்துதான் கழிகிறது. எல்லா இடத்திலும் போன்தான் வெல்லும் என்று சொல்ல மாட்டேன். சனம் குறைந்த காலத்தில், கிழமை நாட்களில், அட்டைக் கழிவு உண்மையாகவே மலிவாக வந்ததும் உண்டு. நீண்ட விடுமுறையும் டிசம்பர் கடைசியும் வந்தால் அந்தக் கழிவுக்கு "இத்தினங்களில் செல்லாது" என்று ஒரு வரி இருக்கும், பொடி எழுத்தில்.

யாழ்ப்பாணத்துக்குள் வந்தால் கணக்கே வேறு. வற் வரிக்குப் பதியாத சின்ன விருந்தினர் இல்லங்கள் நல்லூரைச் சுற்றிக் கொஞ்சம் இருக்கின்றன. அங்கே ++ இல்லை, சொன்ன விலைதான் விலை. அதே அறையை ஒன்லைன் முன்பதிவுத் தளத்தில் டொலரில் பார்த்தால் கூடவாக இருக்கும், தளத்துக்குக் கொடுக்கும் தரகும் அதற்குள் இருக்கிறது. நேரே கூப்பிட்டுக் கேட்டால் அதில் பாதியையாவது விட்டுக்கொடுப்பார்கள். ஒரு குறை: சில இடங்களில் கார்ட் என்றால் 3 சதவீதம் கூட என்பார்கள். அப்படி வாங்கக்கூடாது என்று மத்திய வங்கி சொல்லித்தான் இருக்கிறது. ஆனால் இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளைகளையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு மத்திய வங்கியைத் துணைக்கு அழைக்க யாருக்கும் மனம் வராது, காசாகக் கொடுத்துவிடுகிறோம். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளில் எந்தத் தந்திரமும் பலிக்காது. அறை கிடைத்தாலே போதும்.

வெளிநாட்டில் இருந்து வருபவர்களுக்கு இங்கே இன்னொரு மறைவிலை உண்டு. உள்ளூர்வாசிக்கு ஒரு விலை, வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு வேறு விலை. கொக்குவிலில் பிறந்த அத்தானுக்குக் கொக்குவிலில் இருந்து கூப்பிடு தூரத்தில் வெளிநாட்டுக்காரர் விலை சொன்னார்கள். மனிதர் அன்று முழுவதும் பேசவில்லை. இரட்டைக் குடியுரிமையும் தேசிய அடையாள அட்டையும் இருந்தால் பெரும்பாலும் உள்ளூர் விலைக்கு இறங்குவார்கள். அந்த விலை வித்தியாசத்தை எந்தப் பயண அட்டையின் புள்ளியும் ஈடுகட்டாது. அடையாள அட்டைதான் அவரிடம் இருக்கும் மிகச் சிறந்த அட்டை என்று நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

மைல்களைப் பற்றியும் சொல்லவேண்டும். நமது வங்கிப் புள்ளிகளை ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் ஃப்ளைஸ்மைல்ஸ் மைல்களாக மாற்றலாம். ஒன்வேர்ல்ட் கூட்டணியில் 2014 முதல் அந்த நிறுவனம் இருப்பதால் மற்றக் கூட்டாளிகளின் விமானங்களிலும் பயன்படுத்தலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தில் இருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் பறப்பது இண்டிகோ. என் மைல் அதில் செல்லாது. இலவச டிக்கெட்டைப் பயன்படுத்த இரவு பஸ் பிடித்துக் கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகவேண்டும், போக வர இரண்டு இரவும் பஸ் காசும். டிக்கெட்டுக்கான வரிகளும் மேலதிகக் கட்டணங்களும் எப்படியும் கையில் இருந்துதான். கொழும்பில் இருப்பவருக்கு மைல் ஒருவேளை நல்லது. பலாலிக்கு அரை மணித்தியாலத்தில் போய்விடும் எனக்கு அது சுத்த நட்டம்.

சென்னைக்குப் போனால் நான் அட்டையை எடுப்பதில்லை, கையில் காசுதான். அங்கே ஹொட்டல் வரி இப்போது குறைந்திருக்கிறது. 2025 செப்டெம்பர் 22 முதல் நாளுக்கு 7,500 இந்திய ரூபா வரையான அறைக்கு ஜீஎஸ்ரி 12 இல் இருந்து 5 சதவீதமாக இறங்கியது. அதற்கு மேல் போனால் 18. ஆகவே 7,400 ரூபா அறைக்கும் 7,600 ரூபா அறைக்கும் இடையில் உள்ள இடைவெளி 200 ரூபா அல்ல, 1,198. இதைத் தெரிந்துகொண்டு பேரம் பேசினால் அவர்களும் இறங்கி வருவார்கள். தி. நகர்ப் பக்கத்துச் சின்ன லொட்ஜ்களில் யூபிஐ என்ற போன் வழிக் கட்டணத்தைக் கேட்பார்கள், இலங்கை அட்டையை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். உரிமம் உள்ள இடத்தில் மாற்றிய காசு கையில் இருந்தால் கதை சுருக்கமாக முடியும்.

புள்ளி உண்மையாகவே வெல்லும் இடம் ஒன்று இருக்கிறது, அமெரிக்கா. ஆனால் அத்தானின் ஏரோபிளான் புள்ளி அல்ல, ஹொட்டல் நிறுவனங்களின் சொந்தப் புள்ளி. லாஸ் வேகஸில் அறை விலைக்கு மேல் "ரிசோர்ட் கட்டணம்" என்று நாளுக்கு இவ்வளவு என வாங்குவார்கள். நீச்சல் தடாகத்தை எட்டிப் பார்க்காதவரும் கட்டவேண்டும். 2025 மே 12 முதல் இதை விளம்பர விலையிலேயே சேர்த்துக் காட்டவேண்டும் என்று அந்நாட்டு விதி வந்துவிட்டது. கட்டணம் ஒழியவில்லை, ஒளிந்திருந்ததுதான் வெளியே வந்திருக்கிறது. ஹில்டன், ஹயாட் ஹொட்டல்களில் அவர்களின் புள்ளிகளில் எடுத்த இலவச இரவுக்கு அந்தக் கட்டணம் இல்லை. மரியட்டில் இலவச இரவு என்றாலும் கட்டவேண்டும். இந்தப் பெரிய நிறுவனங்களின் புள்ளி பெரும்பாலும் அவர்களிடமே நேரடியாக முன்பதிவு செய்தால்தான் சேரும். வேறு தளத்தில் எடுத்தால் படுக்கை மட்டும்தான் கிடைக்கும்.

வருகிற ஆடி மாதம் அத்தான் நல்லூருக்கு வருகிறார். போன கிழமை ஒரு முன்பதிவுத் தளத்தின் விலையை எனக்கு அனுப்பி, இதைத் தன் அட்டையில் கட்டினால் எவ்வளவு புள்ளி வரும் என்பதையும் கீழே எழுதியிருந்தார். நான் அந்த விருந்தினர் இல்லத்துக்குப் போன் எடுத்தேன். சொன்ன விலையை அவருக்கு அனுப்பினேன். பத்து நிமிஷம் கழித்துப் பதில் வந்தது: "காசு நீ கட்டு மச்சான், வந்து தாறன்."