120 யூரோவுக்கு ஒரு பழைய ஆற்றங்கரை

பாரிஸ் ஆறாவது வட்டாரத்தில், பழைய அச்சுப்படங்கள் மட்டும் விற்கும் சின்னக் கடை ஒன்றில் போன மார்ச்சில் வாங்கினேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கலைஞர் மாக்ஸிம் லலான் போட்ட எச்சிங், அதாவது செப்புத் தகட்டில் கோடுகளை அமிலத்தால் அரித்து, மை தடவி அடித்த படம். ஒரு ஆறு, வலது பக்கம் தண்ணீரின் மேல் சாய்ந்த மரங்கள், எதிர்க்கரையில் நாலைந்து கூரைகள். விலை 120 யூரோ. எட்டு மாதமாக எங்கள் கூடத்தில் தொங்குகிறது. தினமும் ஒரு தடவையாவது அதன் முன்னால் நிற்கிறேன்.

நான் ஆஃப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவன். சட்டைப் பையில் எப்போதும் லூப், அதாவது அச்சைப் பார்க்கும் சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி இருக்கும். கடைக்காரர் இழுப்பறையிலிருந்து தாளை எடுத்து வைத்ததும் முதலில் அதைத்தான் வைத்துப் பார்த்தேன். நாங்கள் அடிக்கும் படத்தில் சாம்பல் நிறம் என்பது புள்ளி. இதில் ஒரு புள்ளிகூட இல்லை, எல்லாமே கோடு. தாளைச் சாய்த்துப் பிடித்தால் மரத்தடிக் கோடுகளில் மை தாளுக்கு மேலே மயிரிழை அளவு புடைத்து நிற்கிறது. படத்தைச் சுற்றிலும் செப்புத் தகடு அழுந்திய பள்ளம். அந்தப் பள்ளத்தைப் பிற்பாடு போலியாகவும் பதிக்கலாம். அதனால் வாங்கப் போகிறவர்கள் புடைத்த மையைப் பாருங்கள்.

அடியில் பொடி எழுத்தில் 'காதார் & லுகே, 79 ரிஷெலியூ தெரு' என்று பதிப்பாளர் பெயர் இருக்கிறது. 1862-இல் பாரிஸில் எச்சிங் கலைஞர்களின் சங்கத்தைத் தொடங்கிய அதே அல்ஃப்ரெத் காதார்தான். இந்தப் பெயரும் முகவரியும் 1860களின் நடுப்பகுதிக்கு உரியவை. லலான் இந்தக் கலைக்கே பாடநூல் எழுதியவர், 1866-இல்.

பிரெஞ்சில் இதற்கு ஓ-ஃபோர்த் என்று பெயர். வலிய நீர், அதாவது நைட்ரிக் அமிலம். தகட்டில் மெழுகுப் பூச்சு, அதில் ஊசியால் கீறல், பிறகு அமிலத்தில் முக்கல். அமிலத்தில் அதிக நேரம் கிடந்தால் கோடு ஆழமாகி, அச்சில் கறுப்பாக விழும். தூரத்துக் கூரைகளுக்குக் கொஞ்ச நேரம் போதும். எடுத்து, அந்த இடத்தை வார்னிஷால் மூடிவிட்டு, மறுபடி முக்க வேண்டும். கிட்டத்து மரங்கள் கடைசி வரை அமிலத்தில் கிடக்கும். இந்தப் படத்தில் கூரைக்கும் மரத்துக்கும் நடுவில் இருக்கும் தூரம் முழுக்க அந்தச் சில நிமிட வித்தியாசம்தான். அதைப் புரிந்துகொண்ட அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வானத்தில் அவர் ஒரு கோடுகூடப் போடவில்லை. வெறும் தாள். ஆனாலும் அது சாயங்கால வானம் என்று தெரிகிறது.

குறை என்றால், இடது ஓரத்தில் பழுப்புப் புள்ளிகள் மூன்று. கடைக்காரர் அவராகவே காட்டிக் கொடுத்தார். பழைய அட்டையின் அமிலம் ஏறி ஓரமெல்லாம் லேசாக மஞ்சள் தட்டியும் இருக்கிறது. படத்துக்குள் எதுவும் வரவில்லை.

வயிறு எரிந்தது படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போடும்போதுதான். எங்கள் பக்கத்துக் கடை ஒன்றில் கொடுத்தேன். வாங்கி வந்து பின்பக்கத்தைத் திறந்து பார்த்தால், சாதா அட்டையில் நாலு மூலையிலும் செலோடேப். நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் தப்பி வந்த தாள்! அந்தப் பசையை எடுக்கவே ஒரு புத்தகக் கட்டுநரிடம் போக வேண்டியதாயிற்று. அவர் அமிலமில்லாத அட்டையில், மேல் விளிம்பில் மட்டும், ஜப்பானியத் தாள் துண்டு இரண்டைக் கோதுமைப் பசையால் ஒட்டித் தொங்கவிட்டார். ஈரக் காற்றில் தாள் விரியும், அதற்கு இடம் வேண்டும் என்றார். எல்லாம் சேர்த்து 145 யூரோ, படத்தைவிட அதிகம். அந்தக் காசு எனக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை.

ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம். வெயிலில் தாள் பழுத்துவிடும். நாங்கள் ஜன்னல் இருக்கும் சுவரிலேயே, பக்கவாட்டில் மாட்டியிருக்கிறோம். மாட்டுவதற்கு முன்னால் என் மகள் லூப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, படகுல ஒருத்தர் உக்காந்திருக்கார்" என்றாள். இரண்டு வாரமாக நான் பார்க்காத ஆள். மூன்றே கோடு.