பாரிமுனையில் நிப்பு பார்த்த பெரியவர்

ஊருக்குப் போனால் பல் டாக்டர், கண்ணாடிக் கடை, டெய்லர் என்று எல்லோருக்கும் ஒரு பட்டியல் இருக்கும். டொராண்டோ விலைக்குக் கட்டுப்படியாகாத வேலைகள். என் பட்டியலில் கூடுதலாக ஒன்று, மைப் பேனாக்களுக்கு நிப்பு பார்ப்பது, அதாவது உரசாமல் எழுதும்படி சரிசெய்வது. இந்த முறை பல்லும் கண்ணாடியும் நல்லபடியாக முடிந்தன. பேனாவுக்குத்தான் ஆள் இல்லை. பாரிமுனைச் சந்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் போன வருடம் காலமாகிவிட்டதாகப் பக்கத்து வாட்ச் கடைக்காரர் சொன்னார்.

அந்தப் பக்கம் பேனா தேடிப் போனவர்களுக்கு ஜெம் அண்ட் கோ பேனாக் கடை தெரிந்திருக்கும். பெரியவருக்குப் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. பால்பாயின்ட் வந்து சாத்தூர் நிப்புத் தொழிலையே படுக்கவைத்த பிறகும் அவர் வேறு வேலைக்குப் போகவில்லை. குமாஸ்தாக்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நின்றுபோன இடத்தில் எங்களைப் போன்ற பேனாப் பைத்தியங்கள் வந்து நின்றோம்.

பேனாவைக் கொடுத்தவுடன் கழற்ற மாட்டார். தினக் காலண்டர் தாளைத் திருப்பி வைத்து, "எழுதுங்க தம்பி, பாக்கலாம்" என்பார். நாம் பிள்ளையார் சுழியோ கையெழுத்தோ போடுவோம். அது அவருக்குப் போதாது; ழ, ஞ, ஐ எழுதச் சொல்வார். நிப்பு எல்லாப் பக்கமும் திரும்பியாக வேண்டிய எழுத்துகள். எங்கே உரசுகிறது என்று சத்தத்திலேயே பிடித்துவிடுவார். அப்புறம்தான் கண்ணில் லென்ஸ். நிப்பின் பிளந்த இரண்டு பாதியும் ஏறி இறங்கியிருந்தால் நகத்தால் ஒரு நெம்பு, பெரும்பாலும் அதோடு சரி. உப்புத்தாளை லேசில் எடுக்க மாட்டார், முனையில் தேய்ந்தது திரும்ப வராதே. நிப்புக்கு அடியில் மை இறக்கும் எபோனைட் (கெட்டி ரப்பர்) நாக்கு நிப்போடு படியாவிட்டால் வெந்நீரில் முக்கி, இளகியதும் விரலால் அழுத்திப் பிடிப்பார்.

திருவள்ளூரில் கடைசல் பிடித்த எபோனைட் பேனாக்களை வைத்திருப்பவர்கள் மை கொட்டுகிறது என்று அடிக்கடி ஓடி வருவார்கள். பேனாக் கட்டைக்குள் நேரடியாக மை ஊற்றும் பேனா அது. மை குறைந்தால் கைச்சூட்டில் உள்ளே காற்று விரிந்து மையைத் தள்ளும். "மை போடுங்க, சரியாயிடும்" என்று காசு வாங்காமல் அனுப்பிவிடுவார். மால் கடையொன்றில் இதே புகாருக்கு எனக்குக் கிடைத்த பதில், "வேற பேனா பாருங்க சார்."

அவரிடம் வேலை கற்ற ஒரு தம்பி இப்போது வீட்டிலேயே செய்கிறார். வாட்ச் கடைக்காரர்தான் வழி சொன்னார். கை மெதுவு, ஆனால் அவசரப்பட்டு உப்புத்தாளைத் தொடவில்லை. என் பழைய ஷீஃபர் பேனா ஒன்று நன்றாகவே எழுதுகிறது. நாக்கு வேலை மட்டும் பெரியவர் அளவுக்கு வரவில்லை, இன்னும் கொஞ்சம் மை அதிகமாக இறங்குகிறது. கூலி பெரியவரைவிடக் கூடுதல்தான். இங்கே கேட்கும் டாலரோடு பார்த்தால் ஒன்றுமேயில்லை. சனி, ஞாயிறில் மட்டும் பார்க்கிறார், அதனால் ஊரில் இறங்கியவுடனே பேனாவைக் கொடுத்துவிடுங்கள். ஜிபே இல்லாதவர்கள் சில்லறையாக எடுத்துப் போங்கள், ஐநூறு ரூபாய் நோட்டுக்கு மீதி தேடித் தெருமுனை வரை போய்வந்தார் பாவம்.