குட்டிப் பிள்ளைக்கு வில்லு செய்யணுமா? மூங்கில், கொய்யாக் கம்பு, பிரம்பு, ரீப்பர், இதுல எது?

அஞ்சாறு வயசுப் பிள்ளை வில்லு கேட்டா நம்ம ஊர்ல பெரும்பாலும் நடக்குறது என்னன்னா, கொல்லைப்பக்கம் போய் கைக்கு எட்டுற கிளையை ஒடிச்சு, வீட்ல கிடக்குற சணலைக் கட்டிக் குடுத்துடுறது. அது ரெண்டு நாள் ஓடும், அப்புறம் வளைஞ்சது வளைஞ்சபடியே நின்னுடும், இல்லன்னா பிள்ளை இழுக்கும்போது நடுவுல படக்குன்னு முறியும். முறியுற இடம் முகத்துக்கு முன்னாடி ஒரு முழம் தூரத்துல இருக்குங்கிறதுதான் எனக்குக் கவலை. அதனால எந்த மரம் நல்லதுன்னு பாக்கும்போது எது தூரமா அம்பு விடும்னு நான் பாக்கவே மாட்டேன், எது ஒடியாது, எது பிள்ளை கைக்கு அடங்கும், இந்த ரெண்டும்தான் கணக்கு.

அளவை முதல்ல சொல்லிடுறேன், எந்த மரமா இருந்தாலும் இது பொது. ஆறு வயசுப் பிள்ளை சுமார் 115 செ.மீ உயரம் இருக்கும், வில்லும் கிட்டத்தட்ட அந்த உயரமே, ஒரு 110 செ.மீ இருக்கட்டும். குட்டி வில்லுதான் அழகா இருக்குன்னு முக்கால் மீட்டர்ல செய்யாதீங்க, வில்லு குட்டையாக ஆக அதே இழுப்புக்கு அது அதிகமா வளையணும், அதிகமா வளைஞ்சா ஒடியும். ரெண்டு கையையும் அகல விரிச்சா வர்ற நீளத்தை 2.5-ஆல வகுத்தா வர்றதுதான் இழுப்பு தூரம், இந்த வயசுக்கு 40-லேருந்து 45 செ.மீ. அவ்ளோ தூரம் இழுக்க 3-லேருந்து 4 கிலோ பலம் வேணும்னா போதும், அதுக்கு மேல வேண்டவே வேண்டாம். சூட்கேஸ் எடை பாக்குற கொக்கித் தராசு இருந்தா நாண்ல மாட்டி இழுத்துப் பாத்துடலாம்.

இப்ப மூங்கில். என்னைக் கேட்டா முதல் இடம் இதுக்குத்தான், ரெண்டாவது பேச்சே இல்லை. ஏன்னா வில்லை வளைக்கும்போது இலக்கைப் பாத்த வெளிப்பக்கம் இழுபடுது, பிள்ளையைப் பாத்த உள்பக்கம் நசுங்குது, மரம் முறியுறது பெரும்பாலும் அந்த வெளிப்பக்கத்துலதான் ஆரம்பிக்கும். மூங்கிலுக்கு நார் எல்லாம் தோலை ஒட்டித்தான் நெருக்கமா இருக்கு, உள்ளே போகப் போக பஞ்சு மாதிரி லேசாயிடும். அதனால பச்சைத் தோல் வெளிப்பக்கமா இருக்குற மாதிரி வெச்சுட்டா எங்க பலம் வேணுமோ அங்கேயே பலம் இருக்கு. நிறைய பேர் இதைத்தான் தலைகீழா கட்டுறாங்க, தோல் வழவழன்னு இருக்கு கைக்கு இதமா இருக்கும்னு உள்பக்கம் திருப்பிடுறாங்க, அப்படிக் கட்டுனா நார் பிரிஞ்சு சிலாம்பு எழும்பும்.

மூங்கில்ல செய்றது வெறும் விளையாட்டுச் சாமான்னு நினைக்காதீங்க. நம்ம நாட்டு வில்வித்தைப் போட்டிகள்ல இந்தியன் ரவுண்டுன்னே ஒரு பிரிவு இருக்கு, மூங்கில், மர வில்லோடதான் அதுல ஆடுவாங்க. ராஞ்சிப் பக்கத்துப் பொண்ணு தீபிகா குமாரி வீட்ல செஞ்ச மூங்கில் வில்லை வெச்சுப் பழகிதான் 2010 டெல்லி காமன்வெல்த்ல தங்கம் வாங்குனாங்க, அப்ப வயசு 16. மத்திய இந்தியாவுல பில்-ங்கிற பழங்குடி மக்கள் வில்லை மூங்கில்ல செஞ்சு, நாணுக்குக்கூட மூங்கில் தோலையே மெலிசா சீவிக் கட்டுவாங்க.

எங்க வாங்குறதுன்னா, சாரத்துக்குப் போட்டுக் கழிச்ச மூங்கில் வேண்டாம், வெயில்லயும் மழையிலயும் கிடந்து கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டிருக்கும், ஆணி ஓட்டையும் இருக்கும். கூடை, தட்டி முடையுறவங்ககிட்ட கேளுங்க, முத்துன மூங்கிலாப் பாத்து அவங்களே தப்பையாப் பிளந்து தருவாங்க, அந்தக் கைக்கு நம்ம கை ஈடே இல்லை. குறுக்களவு ஒரு சாணுக்குக் கிட்ட இல்லாட்டியும் 8, 10 செ.மீ இருக்குற தடிச்ச மூங்கிலா இருக்கட்டும், ஒல்லி மூங்கில்ல பிளந்தா தப்பை வாய்க்கால் மாதிரி குழிவா வரும், வில்லுக்குத் தட்டையா வேணும். அகலம் நடுவுல 2.5 செ.மீ, ரெண்டு நுனியிலயும் 1.2 செ.மீ-க்குக் குறையணும், கனம் 7 மி.மீ.

அந்தக் கனத்தை மட்டும் நல்லா கவனிங்க. அகலத்தை ரெண்டு மடங்காக்குனா வில்லு ரெண்டு மடங்குதான் முறுக்கா ஆகும், கனத்தை ரெண்டு மடங்காக்குனா எட்டு மடங்கு ஆயிடும். 7 மி.மீ-ல மூணரை கிலோ கிட்ட இழுக்குற தப்பை 10 மி.மீ-ல பத்து கிலோ கேக்கும், பாக்குறதுக்கு ரெண்டும் ஒண்ணு போலத்தான் தெரியும். அதனால சீவுறது எல்லாமே உள்பக்கம் மட்டும், தோல் பக்கம் கத்தியே படக்கூடாது. கணு இருக்குற இடத்துல வெளியே புடைச்சிருக்கிறதை லேசா உப்புத்தாள் போட்டா போதும், உள்பக்கம் கணுகிட்ட கொஞ்சம் கனம் கூடுதலாவே விட்டுடுங்க, அங்கதான் நார் நேரா ஓடாம வளைஞ்சு போகுது. மூங்கிலோட ஒரே குறை அதோட ஓரம், பிளந்த ஓரம் பிளேடு மாதிரி கையைக் கிழிக்கும், நாலு ஓரத்தையும் உப்புத்தாள் போட்டு மழுக்கிட்டு பிடிக்கிற இடத்துல பழைய காட்டன் துணியைச் சுத்தாம பிள்ளை கையில குடுக்கவே கூடாது.

அடுத்து பச்சைக் கம்பு. இதோட பெரிய பலம் இது இன்னைக்கே கிடைக்கும், காசு இல்லை, பிள்ளையையும் கூட்டிட்டுப் போய் இந்தக் கிளையா அந்தக் கிளையான்னு அவங்களையே தேர்ந்தெடுக்க வைக்கலாம், அந்த சந்தோஷம் கடைச் சாமான்ல வராது. கொய்யா ரொம்ப நல்லது, உண்டிவில் கவட்டைக்கு எல்லாரும் கொய்யாவைத் தேடுறது சும்மா இல்லை, இழை பின்னிப் பிணைஞ்சு கெட்டியா இருக்கும். புளிய மிலாறு நல்லா வளையும் ஆனா நேரா ஒரு மீட்டர் கிடைக்கிறது கஷ்டம். வேம்பு பரவால்ல. முருங்கையைத் தொடவே வேண்டாம், அது ஒடியுறது ஊருக்கே தெரியும்.

இன்னொண்ணு, அரளி. வேலியோரம் அரளி நீட்டா நேரா வளர்ந்து நிக்கும், பாத்தா வில்லுக்குன்னே வளர்ந்த மாதிரி தெரியும், ஆனா அதோட கம்பு, இலை, பால் எல்லாமே விஷம், வாயில எதையாவது வெச்சுக்கிட்டே இருக்குற வயசுப் பிள்ளைக்கு அது ஆகவே ஆகாது. எருக்கு, கள்ளி வகையும் அப்படித்தான், பால் கண்ணுல பட்டா பெரிய வம்பு. இதை வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க, நீங்க இல்லாதப்ப தாத்தா ஒடிச்சுக் குடுத்துடக்கூடாது.

பச்சைக் கம்போட குறை ரெண்டு. ஈரமா இருக்கும்போதே நாண் ஏத்தி வளைச்சா அந்த வளைவுலயே நின்னுடும், திரும்ப நிமிராது, நிமிராத வில்லுக்கு அம்பைத் தள்ளுற வேகம் இருக்காது. காயப் போட்டாலோ நுனியிலேருந்து வெடிக்கும். நுனி ரெண்டுலயும் ஃபெவிகாலோ பெயின்ட்டோ பூசி, பட்டையோட, நிழல்ல ரெண்டு மூணு வாரம் கிடத்துனா வெடிப்பு குறையும். கட்டைவிரல் தடிமன் கம்பை அப்படியே உருண்டையா விட்டா ஆறு வயசுக்கு இழுக்கவே வராது, பிள்ளை பக்கம் இருக்குற பாதியை மட்டும் சீவித் தட்டையாக்கணும், வெளிப்பக்கம் பட்டையோட அப்படியே இருக்கட்டும், அங்க இழை வெட்டுப்பட்டா அந்த இடத்துலதான் முறியும்.

பிரம்பைப் பத்தி நம்ம ஆளுங்க யோசிக்கிறதே இல்லை, வெளிநாட்டுல சின்னப் பிள்ளைங்க வில்லு நிறைய பிரம்புலதான் வருது. பிரம்பு நாற்காலி, ஊஞ்சல் செய்யுற கடையில 15, 16 மி.மீ தடிமன்ல ஒண்ணேகால் மீட்டர் துண்டு கேட்டா குடுப்பாங்க. மூங்கில் மாதிரி உள்ளே பொள்ளல் இல்லை, முழுக்க நார், ஒடியவே ஒடியாதுன்னு சொல்ற அளவுக்கு வளையும், சீவுற வேலையும் கொஞ்சம்தான். ஆனா வேகம் குறைவு, நாள் ஆக ஆக வளைவு அதுலயே தங்கிடும். நாலு வயசுப் பிள்ளைக்கும், கத்தி பிடிச்சுப் பழக்கமில்லாத அப்பா அம்மாவுக்கும் நான் பிரம்பைத்தான் சொல்வேன். எட்டு வயசுக்கு அது போதாது.

ரீப்பர், அதாவது மெஷின்ல அறுத்த மரச்சட்டம், அதுக்குக் கடைசி இடம். மரக்கடையில நேரா, சதுரமா, வழவழன்னு இருக்கு, அதனாலேயே ஆசையா எடுத்துடுவோம். பிரச்சினை என்னன்னா மெஷின்ல அறுக்கும்போது மரத்தோட ரேகை எந்தப் பக்கம் போகுதுன்னு யாரும் பாக்குறதில்லை, ரேகை குறுக்கா ஓடி ஓரத்துல வெளியே போயிடுச்சுன்னா அந்த இடத்துல சாய்வா பிளந்துக்கும், கூர்மையா ரெண்டு துண்டு. தேக்கா இருந்தாலும் இதே கதைதான். நூறு துண்டு கிடக்குற இடத்துல ஒரு நுனியிலேருந்து மறுநுனி வரைக்கும் ரேகை விலகாம ஓடுற ஒண்ணைப் பொறுக்க உங்களுக்குக் கண்ணு பழகியிருந்தா சரி, இல்லன்னா வேண்டாம். பிவிசி பைப்பு பத்தியும் கேப்பாங்க, வெயில்ல கிடந்தா அது நொறுங்குற பதத்துக்கு வந்துடும், தெறிச்சா சில்லாத் தெறிக்கும். எனக்கு அதுல இஷ்டமே இல்லை.

எதை எடுத்தாலும் வில்லோட ரெண்டு பாதியும் ஒரே மாதிரி வளையணும், இதுலதான் வில்லோட ஆயுசே இருக்கு. வீட்ல டைல்ஸ் தரை இருந்தா வேலை சுலபம், நாண் ஏத்துன வில்லைத் தரையில படுக்க வெச்சு நடுவை ஒரு கோட்டுக்கு நேரா வைங்க, ரெண்டு நுனியும் அடுத்த கோட்டுலேருந்து எவ்ளோ தள்ளி இருக்குன்னு பாத்தாலே எந்தப் பக்கம் விறைப்பா இருக்குன்னு தெரிஞ்சிடும். விறைப்பான பக்கத்தை மட்டும் சுரண்டணும், கத்தியை விட உடைஞ்ச கண்ணாடித் துண்டு நல்லது, பழைய ஆசாரிங்க அப்படித்தான் செய்வாங்க, சர் சர்னு மாவு மாதிரி உதிரும், நாலு இழுப்புக்கு ஒருக்கா நிறுத்தி திரும்ப தரையில வெச்சுப் பாருங்க. பிள்ளைங்க பக்கத்துல இல்லாதப்ப மட்டும் கண்ணாடி. அப்புறம் பிள்ளையையே இழுக்க விடுங்க. எங்க அக்கா பொண்ணு இழுத்துப் பாத்துட்டு "மாமா, டைட்டா இருக்கு, கை ஆடுது"ன்னா, அவ தோளைப் பாத்தா காதுவரைக்கும் ஏறி நின்னுச்சு. அதுதான் அடையாளம், இழுத்துப் பிடிச்சு அஞ்சு எண்ணுற வரைக்கும் கை ஆடாம, தோள் ஏறாம நிக்கணும், நிக்கலையா, இன்னும் சுரண்டணும்.

நாணுக்கு சணல் வேண்டாம், ரெண்டு நாள்ல பிரிஞ்சிடும். தூண்டில் நரம்பு விரலை அறுக்கும். நைலான் கயிறு கிடைக்கிறது சுலபம் ஆனா இழுபட்டு நீளும், அடிக்கடி முடிச்சு மாத்தணும். பின்னல் போட்ட பாலியஸ்டர் கயிறு, 2 மி.மீ, அதுதான் சரி. வில்லை விட ஒரு அஞ்சு செ.மீ குட்டையா கட்டுங்க, கட்டுனதும் நடுவுல நாணுக்கும் வில்லுக்கும் இடையில 10, 12 செ.மீ இருக்கணும். நாண் உக்கார்ற வெட்டை ஒவ்வொரு நுனிகிட்டயும் ரெண்டு ஓரத்துலயும் சின்ன உருண்டை அரத்தால போடணும், அதுக்குக் கீழே நூலை நெருக்கமா சுத்தி ஃபெவிகால் தடவிட்டா மூங்கில் நெடுக்கப் பிளக்காது. விளையாடி முடிஞ்சதும் நாணைக் கழட்டி வைக்கணும். அம்பு இல்லாம வெறும் நாணை இழுத்து விடக்கூடாது, அம்புக்குப் போக வேண்டிய வேகம் முழுக்க வில்லு மேலேயே இறங்கும், நல்ல வில்லும் இதுல போயிடும். இதை முதல் நாளே பிள்ளைக்குச் சொல்லிடுங்க.

அம்புலதான் உண்மையான ஆபத்து. ஈர்க்குக் குச்சி நேரா இருக்கு, இலவசம், ஆனா முனை கண்ணைக் குத்தும், விளக்குமாத்துக் குச்சியை அம்பா விடுறதை வீட்ல தடையே போட்டுடுங்க. நாணல் தட்டையோ 6 மி.மீ மூங்கில் குச்சியோ எடுத்து, முனையில துணியை உருட்டி பஞ்சு வெச்சு எலுமிச்சம்பழத்தை விடப் பெரிசா கட்டுங்க, கண்ணுக்குழிக்குள்ள போக முடியாத அளவுன்னு வெச்சுக்கோங்க. கடைல வர்ற ரப்பர் கப் அம்பு பரவால்ல, ஆனா அந்தக் கப்பு கழண்டு விழுந்துடும், உள்ளே வெறும் குச்சிதான், ஒவ்வொரு தடவையும் இழுத்துப் பாத்துட்டுக் குடுங்க. சுவத்தைக் குறி வைக்காம, கொடியில ஒரு பழைய போர்வையைத் தொங்க விட்டு அதுல அடிக்கச் சொல்லுங்க, அம்பு திரும்பித் தெறிக்காம அங்கேயே விழும். எடுக்கப் போறதுக்கு முன்னாடி எல்லாரும் வில்லைக் கீழ வெச்சிடணும்.

எட்டு வயசு ஆச்சுன்னா இதே மூங்கில்ல 125 செ.மீ நீளத்துல, 8 மி.மீ கனத்துல இன்னொண்ணு செஞ்சுடலாம், அதனால தப்பை பிளந்து வாங்கும்போதே கூட ரெண்டு வாங்கி பரண்ல போட்டு வைங்க, காய்ஞ்ச மூங்கில் இன்னும் நல்லாத்தான் வரும், பூச்சி அரிக்காம மட்டும் பாத்துக்கணும்.