வீட்டுல ரம்பம் எடுக்க முடியாது, அதனால ஸ்க்ரீன்லயே வெட்டிடுறேன்: மரவேலை டிசைன் சாஃப்ட்வேர் பத்தி என் அனுபவம்

சிங்கப்பூர்ல எச்டிபி வீட்டுல, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டுல, மரவேலை பாக்குறவங்களுக்கு மொதத் தலைவலி மரம் இல்ல, சத்தம்தான். சத்தமான ரெனொவேஷன் வேலைன்னா திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும், காலைல 9 மணிலேருந்து சாயங்காலம் 5 மணிக்குள்ள, சனிக்கிழமை கெடையாது, ஞாயிறும் பப்ளிக் ஹாலிடேயும் பேச்சே வேணாம். அதாவது நாம ஆபீஸ்ல ஒக்காந்திருக்கிற நேரமா பாத்துத்தான் ரம்பத்துக்கு பர்மிஷன். ரம்பம் ஓட்டுறது ரெனொவேஷன்ல சேராதுன்னு நீங்க வாதாடலாம், ஆனா கீழ்வீட்டு ஆன்ட்டிகிட்ட அந்த வாதம் எடுபடாது.

அதனால என்ன மாதிரி ஆளுங்க செய்யுறது என்னன்னா, ப்ளைவுட் கடைலயே எல்லாத்தையும் அளவா வெட்டி வாங்கிட்டு வந்து வீட்டுல ஸ்க்ரூ போட்டு சேக்குறதுதான், 8 அடிக்கு 4 அடி ஷீட்டு எங்க புளோக் லிஃப்ட்டுக்குள்ள எப்படியும் நுழையாது. "வெட்டிப் பாப்போம், முட்டுச்சுன்னா கொஞ்சம் சீவிக்கலாம்"ங்கிற சௌகரியம் நமக்கு இல்ல. ஒவ்வொரு மில்லிமீட்டரும் கடைக்குப் போறதுக்கு முன்னாடியே முடிவாகணும். இதனாலதான் நான் சாஃப்ட்வேர ரெண்டே விஷயத்த வச்சு பாக்குறேன், கடைசில கடை அங்கிள் கைல குடுக்குற பேப்பர் எப்படி வருது, அதுக்கு முந்துன நாள் ராத்திரி ஒரு அளவு மாறுனா எவ்ளோ வேலை இழுக்குது. படம் எவ்ளோ அழகா இருக்குங்கிறது வீட்டுக்காரம்மாகிட்ட சம்மதம் வாங்குறதுக்கு மட்டும்தான் உதவும்.

மொதல்ல ஸ்கெட்ச்சப், முப்பரிமாணத்துல வரையிற சாஃப்ட்வேர். எல்லாரும் இங்கதான் ஆரம்பிப்பாங்க, நானும் அப்படித்தான். 2006ல கூகுள் வாங்கி 2012ல ட்ரிம்பிள் கைக்குப் போனது. இலவசமா கெடைச்ச டெஸ்க்டாப் வெர்ஷன் 2017ஓட நின்னு போச்சு, இப்ப இலவசம்னா ப்ரவுசர்ல ஓடுறது மட்டும்தான். ஒரு செவ்வகம் வரைஞ்சு இழுத்தா பலகை, அவ்ளோதான், ஒரு சாயங்காலத்துல புக் ஷெல்ஃப் நிமிந்து நின்னுடும். ஆனா ஒரு பழக்கம் கட்டாயம் வேணும், ஒவ்வொரு பலகையயும் வரைஞ்ச ஒடனே காம்பொனென்ட்டா (தனிப் பொருளா) மாத்தி பேர் வச்சிடணும், "இடது பக்கம்", "கீழ்த்தட்டு" இப்படி. இல்லாட்டி ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கும், அப்புறம் பிரிக்கவே முடியாது.

காசு குடுத்து டெஸ்க்டாப் வெர்ஷனுக்குப் போறதுக்கு எனக்கு இருந்த ஒரே காரணம் ஓப்பன்கட்லிஸ்ட்ங்கிற எக்ஸ்டென்ஷன், அதாவது ஸ்கெட்ச்சப்போட கூட சேத்துக்குற சின்ன புரோகிராம். பிரான்ஸ்ல இருக்கிற மரவேலைக்காரங்க வட்டாரத்துலேருந்து வந்தது, அது இலவசம்தான், ஆனா ப்ரவுசர் வெர்ஷன்ல எக்ஸ்டென்ஷனே போட முடியாது. நீங்க வரைஞ்ச அலமாரிய அது படிச்சு எந்தப் பலகை, என்ன அளவு, எத்தனை பீஸுன்னு லிஸ்ட் போடும், அப்புறம் 2440க்கு 1220 மில்லிமீட்டர் ஷீட்டுல எப்படி அடுக்குனா வேஸ்ட் கம்மின்னு படமும் போட்டுக் குடுக்கும். ரம்பம் தின்னுற 3 மில்லிமீட்டர், ஷீட்டோட ஓரத்துல அடிபட்ட பகுதி, எட்ஜ் பேண்டிங் (பலகை ஓரத்துல ஒட்டுற பட்டை), மர ரேகை எந்தப் பக்கம் ஓடணும், எல்லாத்தையும் கணக்குல எடுத்துக்கும். ரேகை விஷயத்த மட்டும் நீங்க ஒருதடவ கண்ணால செக் பண்ணிக்கோங்க, காம்பொனென்ட்டோட அச்சு திரும்பியிருந்தா கதவுல ரேகை குறுக்க ஓடும், லிஸ்ட்டு பாக்க சரியாத்தான் இருக்கும்.

அந்தப் படத்துல இன்னொன்னும் முக்கியம். கடைல இருக்கிற பேனல் ரம்பம் ஒரு முனைலேருந்து மறுமுனை வரைக்கும் நேரா வெட்டும், நடுவுல நின்னு திரும்பாது. அதுக்கு ஏத்த மாதிரி அடுக்குன படமா இருந்தாத்தான் அங்கிள் ஒத்துக்குவாரு. நான் போற கடைல ஒரு வெட்டுக்கு இவ்ளோன்னு காசு, அதனால வேஸ்ட்ட குறைக்கிறோம்னு வெட்ட ஏத்திக்கிட்டா லாபம் ஒன்னுமில்ல. சில நேரம் கொஞ்சம் பலகை வீணானாலும் வெட்டு கம்மியா வர்ற படத்தத்தான் எடுத்துட்டுப் போவேன். மொத பேப்பரப் பாத்துட்டு அங்கிள் ஒன்னும் சொல்லல, தலைய ஆட்டிட்டு மெஷின ஆன் பண்ணாரு, அத விட ரிவ்யூ எனக்கு வேணாம்.

ஸ்கெட்ச்சப் இடிக்கிற எடம் அந்த கடைசி நேர மாத்தம்தான். டிராயர் வச்ச மேசை ஒன்னு எடுத்துக்கோங்க. எல்லாம் மில்லிமீட்டர்ல, வெளி அகலம் 600, பக்கப் பலகை தடிமன் 18, அப்ப உள்ள 564. பால் பேரிங் ரெயிலுக்கு பக்கத்துக்கு 13 விட்டா டிராயரோட அகலம் 538. கடைல 18 ஸ்டாக் இல்ல, 16தான் இருக்குன்னா உள்ள 568, டிராயர் 542, அதோட அடிப்பலகை, முன்பலகை, காடி (பலகை சொருகுற பள்ளம்) எல்லாமே நகரணும். ஸ்கெட்ச்சப்ல அத ஒவ்வொன்னா கையால தள்ளிட்டு இருக்கணும். 18ன்னு விக்கிற ப்ளைவுட்டே அளந்தா அரை மில்லி கம்மியா இருக்கிறது சர்வசாதாரணம், காடி வெட்டி சொருகுற டிசைன்னா அந்த அரை மில்லியே லொடலொடன்னு ஆட வச்சிடும்.

இதுக்குத்தான் பாராமெட்ரிக் சாஃப்ட்வேர், ஒரு அளவ மாத்துனா அதோட கட்டுன மத்த அளவும் தானா மாறுற வகை. ஆட்டோடெஸ்க் ஃபியூஷன்ல "தடிமன்"னு ஒரு பாராமீட்டர் வச்சு எல்லா அளவையும் அதோட கட்டிட்டா, 18அ 16ன்னு மாத்துனதும் மேசை பூரா தானா சரியாகும். பாக்கவே சந்தோஷமா இருக்கும். ஆனா மொதல்ல வரையிறதுக்கு ஸ்கெட்ச்சப்ப விட ரெண்டு மூணு மடங்கு நேரம் எடுக்கும், ஏன்னா எது எதோட ஒட்டியிருக்கணும், எது மாறக்கூடாதுன்னு ஒவ்வொன்னுக்கும் நீங்க சொல்லணும். சொந்த உபயோகத்துக்கு இலவசம், ஆனா ஒரே நேரத்துல 10 ஃபைல்தான் எடிட் பண்ற நிலைல வச்சுக்கலாம், மத்தத படிக்க மட்டும்னு மாத்தி வைக்கணும், திரும்ப வேணும்னா இன்னொன்ன மூடிட்டுத் தொறக்கணும். என்ன மாதிரி ஆளுக்கு அது ஒரு பெரிய தொல்லையில்ல. ஆனா அந்த இலவச லைசென்ஸ் வியாபாரத்துக்கு இல்ல, வருமானத்துக்கு வருஷம் 1000 அமெரிக்க டாலர்னு ஒரு கோடும் போட்டிருக்காங்க. என் மச்சான் காரோசெல்ங்கிற ஆன்லைன் சந்தைல பூனை வீடும் ஷூ ரேக்கும் வித்துட்டு இருக்கான், ஆர்டர் கூடுனதும் "மாமா, இது எனக்கு ஒத்து வராது போலயே"ன்னு அவனே கெளம்பிட்டான்.

கெளம்பி எங்க போனான்னா ஃப்ரீகேட், இதுவும் பாராமெட்ரிக் சாஃப்ட்வேர்தான். முழுசா இலவசம், செஞ்சத வித்தாலும் யாரும் கேக்க மாட்டாங்க. இருபது வருஷத்துக்கு மேல உருவாகிட்டே இருந்து 2024 நவம்பர்லதான் 1.0 வந்துச்சு. அதுக்கு முன்னாடி இருந்த பெரிய குறை என்னன்னா, பலகையோட ஒவ்வொரு முகத்துக்கும் அது உள்ளுக்குள்ள ஒரு நம்பர் வச்சிருக்கும், முன்னாடி எங்கயாவது ஒரு மாத்தம் பண்ணா அந்த நம்பர் கலைஞ்சு, பின்னாடி போட்ட ஓட்டை, காடி எல்லாம் வேற எடத்துக்குப் போயிடும், இல்ல செவப்பா எரர் காட்டும். 1.0ல அத பெருமளவு சரி பண்ணிட்டாங்க. அளவெல்லாத்தையும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்ல போட்டு வச்சுக்கலாம், இது எனக்கு ஃபியூஷன விடப் புடிச்சிருக்கு, ஏன்னா எல்லா நம்பரும் ஒரே எடத்துல கண்ணுக்குத் தெரியுது. மரவேலைக்குன்னே ஒரு ஆட்ஆன் இருக்கு, கட் லிஸ்ட்டும் (வெட்டுற பலகைகளோட அளவு லிஸ்ட்) தரும். மெனுதான் காடு மாதிரி, பொறுமை இல்லாதவங்க தொடவே வேணாம்.

ஆன்ஷேப்னு இன்னொரு சாஃப்ட்வேர் இருக்கு, அதோட இலவச வெர்ஷன்ல நீங்க வரையிறது எல்லாருக்கும் தெரியுற மாதிரி பப்ளிக்கா இருக்கும், அது பரவால்லன்னா நல்ல சாமான்தான். ப்ளெண்டர் அழகான படத்துக்கு, கட் லிஸ்ட்டுக்கு இல்ல.

கிச்சன் கேபினட்ட நான் செய்யல, கான்ட்ராக்டர்கிட்டதான் குடுத்தேன், இங்க பாதிப் பேரோட கார்பென்ட்ரி மலேசியால ஜோகூர்ல இருக்கிற பட்டறைலதானே நடக்குது. ஃபுட் ரன் (ஒரு அடி நீளம்) இவ்ளோ டாலர்னு ஒத்த வரில கணக்கு சொல்லுவாங்க. நான் ஸ்கெட்ச்சப்ல வரைஞ்சு அளவோட பிரிண்ட் எடுத்துட்டுப் போனேன், பேச்சே மாறிடுச்சு, எந்த டிராயர் எந்தப் பக்கம், கீல் எத்தனை, உள்தட்டு நகருமா, எல்லாத்தையும் பேப்பர்லயே எழுதிக் கையெழுத்து வாங்க முடிஞ்சுது. மரவேலையே செய்யாதவங்களும் இதுக்காக கத்துக்கலாம்.

எந்த சாஃப்ட்வேரும் சொல்லித் தராத ரெண்டு இருக்கு. செவுரு நேரா இருக்காது, மேல ஒருதடவ நடுவுல ஒருதடவ கீழ ஒருதடவ அளந்து சின்ன அளவத்தான் போடணும், மிச்ச இடைவெளிய மறைக்க ஃபில்லர் பட்டை. அப்புறம் ப்ளைவுட் இல்லாத அசல் மரப் பலகை ரேகைக்குக் குறுக்க உப்பும் சுருங்கும், நம்ம ஊரு ஈரத்துல செஞ்சு ஏர்கான் ரூம்ல கொண்டு போய் வச்சா மேசைப் பலகை சுருங்குறதுக்கு வழி விட்டிருக்கணும், ஸ்க்ரீன்ல அது எப்பவும் அதே அளவுதான் காட்டும்.

இப்ப என் பழக்கம், செவுத்தோட ஒட்டுற ஒத்த சாமான்னா ஸ்கெட்ச்சப், திரும்பத் திரும்ப வேற அளவுல செய்யப் போற டிராயர் பெட்டி மாதிரின்னா ஃப்ரீகேட், ரெண்டு தட்டு ஷெல்ஃபுக்கு பழைய கவரோட பின்பக்கமும் பென்சிலும். மச்சானோட பூனை வீட்டு ஃபைல்ல தடிமன் கட்டத்த மட்டும் மாத்தி நானும் ஒன்னு வெட்ட குடுத்திருக்கேன், 15 மில்லி பலகைல.