ரெக்ஸா, பைத்தானா: மெயின்ஃப்ரேம் ஸ்க்ரிப்டுக்கு எது?

ஐஎஸ்பிஎஃப் (மெயின்ஃப்ரேமின் மெனு, எடிட்டர் சூழல்) திரைக்குள் முடிகிற வேலை என்றால் ஐபிஎம்மின் ஸ்க்ரிப்ட் மொழியான ரெக்ஸ். டேட்டாசெட்டை (மெயின்ஃப்ரேம் ஃபைல்) பிரித்து மேய்ந்து ஜேசான், எக்செல், வெப் ஏபிஐ என்று வெளியே அனுப்புகிற வேலை என்றால் பைத்தான். ஒன்று வந்ததால் மற்றொன்றைக் கழற்றிவிடலாம் என்று கணக்குப் போடும் அணிகள் ஆறே மாதத்தில் இரண்டையும் பராமரித்துக்கொண்டிருக்கும்.

ஐபிஎம்மில் மைக் கௌலிஷா 1979இல் உருவாக்கத் தொடங்கிய ரெக்ஸ், இன்றைக்கு மெயின்ஃப்ரேமில் கட்டளை கொடுக்கும் சூழலான டிஎஸ்ஓவோடு சேர்ந்தே வருகிறது. நிறுவ வேண்டியது ஒன்றுமில்லை. எடிட் மேக்ரோ (எடிட்டருக்குள் ஓடும் ஸ்க்ரிப்ட்), பேனல் (திரை), ஜாப்களைப் பார்க்கும் எஸ்டிஎஸ்எஃப்பில் ஜாப் தேடுவது, டிபி2 டேட்டாபேஸுக்கு ஒரு எஸ்க்யூஎல் போடுவது எல்லாம் 'அட்ரஸ்' என்ற ஒரே சொல்லில் கைக்கு வந்துவிடும். எடிட் மேக்ரோ பக்கம் பைத்தான் எட்டிப்பார்க்கவே முடியாது.

ரெக்ஸில் அடிவாங்கும் இடங்கள் எப்போதும் அவையேதான். டேட்டாசெட் பெயருக்கு ஒற்றை மேற்கோள் போடாவிட்டால் டிஎஸ்ஓ உங்கள் ப்ரிஃபிக்ஸை (வழக்கமாக யூசர் ஐடி) முன்னால் ஒட்டி, இல்லாத ஃபைலைத் தேடும். ஃபைலைப் படிக்க, எழுத உதவும் எக்ஸிகியோ கட்டளையில் 'ஃபினிஸ்' விட்டுப்போனால் டேட்டாசெட் திறந்தே கிடக்கும்; அடுத்து வரும், ஃபைலை விடுவிக்கும் 'ஃப்ரீ' கட்டளை தோற்கும். எக்ஸிகியோவில் எத்தனை ரெக்கார்டு என்ற இடத்தில் நட்சத்திரம் போட்டால் முழு ஃபைலும் மெமரியில் ஏறும். பெரிய ஃபைலை ஆயிரம் ஆயிரம் ரெக்கார்டாகப் படித்து, ரிட்டர்ன் கோட் 2 (ஃபைல் முடிந்தது) வந்ததும் நிறுத்துங்கள். பைட் கணக்கைக் கூட்டுகிறவர்கள் 'நியூமரிக் டிஜிட்ஸ்' என்பதை 20 ஆக்கிக்கொள்ளவும். இயல்பாக 9 இலக்கம்தான். அதற்கு மேல் போனால் விடை அடுக்குக்குறி வடிவத்தில் வந்து நிற்கும், பின்னிலக்கங்கள் காணாமல் போகும்.

திரையில்லாமல் பேட்ச்சில் ரெக்ஸ் ஓட்ட ஐகேஜேஇஎஃப்டி1பி என்ற டிஎஸ்ஓ ப்ரோக்ராம் போதும். ஸ்க்ரிப்டின் ரிட்டர்ன் கோட் ஜாப்பின் அந்த ஸ்டெப்புக்கு அப்படியே வரும்.

பைத்தானின் பலம் டேட்டா. மெயின்ஃப்ரேம் இயங்குதளமான இசட்/ஓஎஸ்ஸுக்கு ஐபிஎம் தரும் பைத்தானுக்கு உரிமக் கட்டணம் இல்லை, சப்போர்ட் வேண்டுமென்றால்தான் காசு. புதிய பதிப்புகளில் வேலையின் ஒரு பகுதி மென்பொருள் கட்டணத்தில் சேராத ஸிப் ப்ராசஸருக்குப் போகும் என்பது பில்லைப் பார்க்கிற மேலாளருக்குப் பிடிக்கும்.

தலைவலி எழுத்துக் குறியீட்டில்தான்: மெயின்ஃப்ரேமில் எப்சிடிக், வெளியே ஆஸ்கி. கோபால் மொழியின் காம்ப்-3 (ஒரு பைட்டில் இரண்டு இலக்கம் அடுக்கும் வடிவம்) ஃபீல்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: எஸ்9(7)வி99, அதாவது கூட்டல்/கழித்தல் குறியோடு 7 இலக்கம், தசமத்துக்குப் பின் 2, மொத்தம் 5 பைட். அதில் 12345.67 இருந்தால் ஹெக்ஸில் 00 12 34 56 7சி. கடைசி அரை பைட் சி அல்லது எஃப் என்றால் கூட்டல், டி என்றால் கழித்தல். இந்த ஃபைலை டெக்ஸ்ட் மோடில் இறக்கினால் 7சி என்பதை '@' குறி என்று நினைத்து இறக்கும் மென்பொருள் ஆஸ்கியின் 40 ஆக மாற்றிவிடும். கடைசி இலக்கம் 7 போய் 4 ஆகும், குறியும் போயே போச்சு. ஆகவே பைனரியாகவே நகலெடுத்து, ரெக்கார்டு நீளத்தால் வெட்டி, ஹெக்ஸாக்கிப் பிரிக்க வேண்டும். தொகையை டெசிமலில் வையுங்கள். ஃப்ளோட்டில் வைத்தால் பைசா கணக்கு உதைக்கும். ஃபைல் விபி (ரெக்கார்டு நீளம் மாறுவது) என்றால் பைனரி நகலில் ரெக்கார்டு எல்லையே தொலையும், அதை முதலில் எஃப்பி (எல்லாம் ஒரே நீளம்) ஆக்குங்கள்.

இன்னொன்று: மேசைக் கணினியில் போடும் வழக்கமான பைத்தானில் 037 என்ற எப்சிடிக் கோட்பேஜ் (எழுத்து அட்டவணை) உண்டு, 1047 கிடையாது. இரண்டும் ஒன்றுதானே என்று 037 போட்டால் எழுத்தும் எண்ணும் சரியாகவே வரும், சதுர அடைப்புக்குறி, '^' போன்ற சில குறிகள் மட்டும் வேறு ஏதோவாக மாறும். பத்தாயிரம் ரெக்கார்டில் நாலு இடத்தில் மட்டும் தப்பு வந்தால் யார் கண்ணில் படும்? இசட்/ஓஎஸ்ஸின் யூனிக்ஸ் பகுதியான யூஎஸ்எஸ்ஸில் ஸ்க்ரிப்ட் திறக்கவே மறுத்துக் குப்பை எழுத்தாகக் காட்டினால், பெரும்பாலும் ஃபைலுக்கு, எந்த எழுத்துக் குறியீடு என்று சொல்லும் டேக் இல்லை. 'சிஎச்டேக்' கட்டளையால் ஐஎஸ்ஓ8859-1 என்று டேக் போட்டு, ஆட்டோ கன்வெர்ஷனை ஆன் செய்தால் தீரும்.

பேட்ச் ஜாப் எழுதும் மொழியான ஜேசிஎல்லில் பைத்தானை, யூனிக்ஸ் ஷெல்லை ஓட்டும் பிபிஎக்ஸ்பேட்ச் வழியாக ஓட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்க்ரிப்ட் 8 என்று முடிந்தால் ஸ்டெப்பில் 2048 தெரியும், 256ஆல் பெருக்கிய எண் அது. 'சரியாக 8 வந்தால் நிறுத்து' என்று எழுதிய பழைய நிபந்தனை அதைக் கண்டுகொள்ளாமல் அடுத்த ஸ்டெப்பை ஓட்டும். ஜேசிஎல்லில் கொடுத்த டிடிகளும் (ஃபைலை இணைக்கும் வரிகள்) ஷெல்லுக்குள் போகாது. டேட்டாசெட் பெயரை ஆர்க்யுமென்டாகக் கொடுங்கள்.

டிஎஸ்ஓவின் பழைய ஸ்க்ரிப்ட் மொழியான சிலிஸ்ட் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஓடுவதை ஓடவிடுங்கள், புதிதாக எழுத வேண்டாம். டிஎஸ்ஓ ஸ்க்ரிப்டைத் தேடும் சிஸ்ப்ராக் லைப்ரரியில் ரெக்ஸ் மெம்பர் வைக்கும்போது முதல் வரியில் 'ரெக்ஸ்' என்று கமெண்ட் போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் டிஎஸ்ஓ அதையும் சிலிஸ்ட் என்றே எண்ணி ஓட்டி, சம்பந்தமில்லாத பிழைச் செய்திகளைக் கொட்டும்.